ஈஸ்ட் ஹாமில் இமானாவின் தண்ணீர்

லண்டனில் எனக்குப் பிடிபடாமல் போன முதல் விஷயம் வெளிச்சம். ஆனி மாதம். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் பின்வளவு மதிலில் சாய்ந்து கிடந்தது. விடிய நாலு மணிக்கு மறுபடி வந்துவிட்டது. இடையில் இருந்த கொஞ்ச இருட்டில் நான் தூங்கினேனா, கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன். உடம்பு யாழ்ப்பாணத்து மணிக்கூட்டில் ஓடியது. கால் மட்டும் ஈஸ்ட் ஹாமில் நடந்தது.

ஊர் பார்க்கப் போனவனில்லை நான். தங்கச்சி வதனி கூப்பிட்டாள். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. கருவை வெளியில் உருவாக்கி வயிற்றில் கொண்டுபோய் வைக்கிற வைத்தியம் இரண்டு முறை செய்து இரண்டும் தவறிப்போனது. இது மூன்றாவது. வைத்த பிறகு பதினாலு நாள் பொறுத்திருந்துதான் தங்கியதா இல்லையா என்று பார்க்க வேண்டுமாம். அவள் புருஷன் குகனுக்குப் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட். "அந்தப் பதினாலு நாளும் இரவில தனியக் கிடந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும் அண்ணை. நீங்கள் வந்து சும்மா இருந்தால் காணும்" என்று போனில் அழுதாள். என் வீட்டுக்காரி பூமணி ஒரு பெட்டி நிறைய மிளகாய்த்தூளும் பனங்கிழங்கில் செய்த ஒடியல் மாவும் அடைத்து என்னை ஏற்றிவிட்டாள்.

சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் தென்மராட்சியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். "பி.எச்.ஐ. வாறார்" என்று ஓர் ஒழுங்கையில் குரல் போனால், அடுத்த ஒழுங்கையில் சிரட்டை, வாளி, பூச்சாடித் தட்டு எல்லாம் கவிழும் சத்தம் கேட்கும். டெங்கு நுளம்பு முட்டையிட ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். அதனால் தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டால், மூளை யோசிக்க முன்னம் என் கை போய்விடும். ஒரு கலியாண வீட்டு வாசலில் பூ மிதக்கவிட்டிருந்த உருளியை ஊற்றிக் கவிழ்த்துவிட்டு, பூமணியிடம் ஒரு கிழமை பேச்சு வாங்கியிருக்கிறேன்.

வதனிக்குக் கருவை வைத்த மறுநாள் மாலை நான் போய்ச் சேர்ந்தேன். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று. கீழே குசினியும், குட்டிக் குளியலறையோடு கூடிய முன்னறையும், மேலே இரண்டு அறை, அவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன நடை, நடையின் முடிவில் இன்னொரு குளியலறை. முன்னறையில் கிளேர் என்ற பெண் வாடகைக்கு இருந்தார். ருவாண்டாக்காரர், ஐம்பதை நெருங்கிய வயது, முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. வதனியைப் பார்த்துப் பழகி அவரும் என்னை வாசலிலேயே "அண்ணை" என்றார். பிறகு தனக்கு இந்த வீட்டில் மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியும், மற்ற இரண்டும் "ஓம்", "போதும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் பேசியதை எல்லாம் இங்கே என் தமிழில்தான் சொல்கிறேன்.

அன்று இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. வெயில் அடிக்கும்போது படுக்கப்போவது பெரிய குற்றம்போல இருந்தது. ஆனாலும் போய் விழுந்தேன்.

விழித்தபோது நாலு மணி. யன்னலில் சாம்பல் வெளிச்சம். ஊரில் கேட்காத ஏதோ பறவைகள், ஒரு சந்தை கூடினதுபோல் கத்தின. அரைத்தூக்கத்தில் குளியலறைக்கு நடந்தேன். வதனியின் கதவுக்குப் பக்கத்தில், யன்னல் விளிம்பில் ஒரு பூச்சாடி. அருகில் ஒரு சின்ன மண் தட்டு. அதில் விளிம்புவரை தண்ணீர். கை போய்விட்டது. எடுத்துக் குளியலறைப் பேசினில் ஊற்றி, உதறி, திரும்ப அதே இடத்தில் வைத்தேன். வெளிவளவு என்றால் கவிழ்த்து வைப்பேன். வீட்டுக்குள் மழை விழாதே, நிமிர்த்தியே வைத்தேன். திரும்பப் போய்ப் படுத்து, ஏழு மணிக்கு வதனி தேத்தண்ணீரோடு வந்து எழுப்பும்வரை கனவில் மிதந்தேன். அந்தக் கனவில் நான் ஒரு பெரிய குளத்தைக் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். இவள் பூச்சாடிக்கு அளவுக்குமேல் தண்ணீர் விடுகிறாள், சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு விடியலிலும் நினைப்பேன். தேத்தண்ணீர் வரும்போது மறந்திருப்பேன். ஜெட்லாக் மூன்று நாளில் போய்விடும் என்று குகன் சொன்னான். எனக்குப் போகவில்லை. அந்த நாட்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடந்தன.

பகலில் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடப்பேன். முருங்கைக்காய், வல்லாரை, பாரைக் கருவாடு, நகைக்கடை வாசலில் ஆயிரம் சின்ன பல்ப். நம்மவர்கள் "ஓம் ஓம், நாளைக்கு வாறன்" என்று போனில் கத்திக்கொண்டு போனார்கள். எங்கள் சாவகச்சேரிச் சந்தையைக் கழுவித் துடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்ததுபோல இருந்தது. ஒரு கடையிலும் ஈ இல்லை. எனக்கு வேலையும் இல்லை. ஒரு கடைக்காரர் நான் தராசையும் மீன் வெட்டும் பலகையையும் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "ஐயா கவுன்சிலில இருந்தோ?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கிளேருக்கு லீவு. மரவள்ளி இலையை இடித்து நிலக்கடலை மாவோடு வேகவைத்து எங்களுக்கும் தந்தார். மரவள்ளி என்றதும் நான் நிமிர்ந்துவிட்டேன். "இஞ்சி போடேல்லைத்தானே? மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு" என்றேன். கிளேர் என்னை வெகுநேரம் பார்த்தார். "எங்கள் நாட்டில் எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம், அண்ணை" என்றார். வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கறி கரும்பச்சையாக, மண் வாசத்தோடு, நல்ல ருசி. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடிய வதனி சாய்ந்துகொள்ள மேலே போனாள். நான் கிளேரிடம் அவர் ஊர்ச் செய்தி, புதினம் எல்லாம் கேட்டேன். ஒரு யாழ்ப்பாணத்தான் புதினம் கேட்டால் கடைசியில் கோயிலில்தான் வந்து நிற்பான். உங்கள் பக்கத்தில் பெரிய கோயில் எது என்றேன்.

"எங்கள் பழைய கடவுளுக்குக் கோயில் கிடையாது" என்றார் கிளேர். "இமானா என்று பெயர். எல்லாவற்றையும் படைத்தவர். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சிலும் அதே பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறோம். முந்தின காலத்தில் அவருக்குச் சிலை இல்லை, பூசாரி இல்லை, படையல் இல்லை."

"அப்ப அவருக்கு என்னதான் குடுப்பியள்?"

"அவருக்கு என்ன வேண்டும்? எல்லாம் அவருடையதுதானே. கோபம், பசி, குறைபிடிக்கிறது எல்லாம் செத்துப்போன எங்கள் ஆட்களுக்குத்தான். வில்லங்கம் வந்தால் அவர்களிடம் போய்க் கேட்போம். இமானா கெட்டது செய்ய மாட்டார். அவரால் முடியாது."

"கெட்டது நடந்தால்?"

"வேறு யார் செய்தது என்று தேடுவோம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினார்.

எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் கந்தனுக்கு ஆறுகாலப் பூசை, தேர், தீர்த்தம், மணி தவறினால் ஊரே பேசும். திருவிழா வந்தால் தண்ணீர்ப் பந்தல் தொட்டிகளுக்குக் குளோரின் போட நானே போவேன். இங்கே ஒருவர் ஒன்றுமே கேட்காமல் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

பார்க்கலாம் என்று நம்பி ஒரு நாள் நகரத்துப் பெரிய மியூசியத்துக்குப் போனேன். ஆபிரிக்க மண்டபம் நிலத்துக்குக் கீழே. மங்கிய வெளிச்சத்தில் முகமூடிகள், முக்காலிகள், ஆணி அடித்த மரப் பொம்மைகள், வாள்கள். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் என்னைப்போலவே அரைத்தூக்கத்தில் நின்றார்கள். இரண்டு சுற்றுச் சுற்றினேன். காவலுக்கு நின்ற தடித்த மனிதரிடம் போய், படைத்த கடவுளின் சிலை எங்கே என்று கேட்டேன்.

அவர் சாம்பியா நாட்டுக்காரர். "இங்கே இருப்பது ராஜாக்கள், முன்னோர், ஆவிகள்" என்றார். "பெரியவரை யாரும் செதுக்கவில்லை. பார்த்தவன் இருந்தால்தானே செதுக்க? எங்கள் பக்கம் நியாம்பே என்போம், பக்கத்து ஆட்கள் லேசா என்பார்கள், கடல் பக்கம் போனால் முலுங்கு. நீங்கள் யார் பெயரைச் சொன்னீர்கள்? இமானா. அவரும் அதே மாதிரியான ஆள்தான்."

ஆள் குறைவான நேரம். அவரே கதையும் சொன்னார். நியாம்பே முதலில் மனிதருக்குப் பக்கத்து வீட்டில்தான் இருந்தாராம். அவர் என்ன செய்தாலும் மனிதன் பார்த்துச் செய்தான். அவர் இரும்பு அடித்தால் அவனும் அடித்தான். எது தவறினாலும் அவர் வாசலில் வந்து நின்றான். தாங்க முடியாமல் அவர் ஆற்றுக்கு நடுவில் ஒரு தீவுக்குக் குடிபோனார். அங்கேயும் வந்தான். மலைக்குப் போனார். அங்கேயும் வந்தான். கடைசியில் ஒரு சிலந்தி நூல் பின்னிக் கொடுக்க, அதைப் பிடித்து வானத்துக்கு ஏறிவிட்டாராம். "நானும் ஐந்து வீடு மாறிவிட்டேன், அவர் கஷ்டம் எனக்கு விளங்கும்" என்றார் காவல்காரர்.

திரும்பும்போது, வரைபடத்தில் பச்சைக் கோடாக ஓடும் ரெயிலில் இருக்கை கிடைத்தது. சிலந்தி நூலை நினைத்தபடி கண்ணை மூடினேன். யாரோ தோளைத் தட்டினார்கள். துப்புரவு வேலைக்காரப் பெண் ஒருவர், "கடைசி ஸ்டேஷன், அன்பே" என்றார். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருத்தர் என்னை அன்பே என்று கூப்பிட்டது அப்மின்ஸ்டரில்தான். ஈஸ்ட் ஹாம் எப்போதோ போய்விட்டது. ஆளில்லாத பெட்டியில் ஏறித் திரும்பி வந்தேன். பூமணியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இதற்கிடையில் வதனி நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வந்தாள். நான் வந்த அன்று சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தவள், இப்போது குசினியில் பாட்டு முணுமுணுத்தாள். தேத்தண்ணீர் கொண்டுவரும்போது முகம் கழுவின பிள்ளைபோல இருப்பாள். என் துணைதான் அவளை மாற்றுகிறது என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். பூமணிக்குப் போன் போட்டுச் சொல்லவும் செய்தேன்.

கருவை வைத்ததிலிருந்து பத்தாம் நாள், பூங்காவுக்கு நடந்தோம். ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். தூரத்தில் ஒரு நாய் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணை, ஒண்டு சொல்லுவன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"கிளேர் சொன்னவ, தங்கட ஊரில பிள்ளைக்குக் காத்திருக்கிற பொம்பிளையள் படுக்கப்போக முன்னம் கொஞ்சம் தண்ணி வைச்சிட்டுப் படுப்பினமாம். இமானா இரவிலதான் வந்து வயித்துக்குள்ள பிள்ளையைக் களிமண்ணில பிடிக்கிறவராம். மண் குழைக்கத் தண்ணி வேணும்தானே. அதுக்கு."

நான் அந்த நாயையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"நானும் வைக்கிறன் அண்ணை. மேல, பூச்சாடிக்குப் பக்கத்தில, ஒரு மண் தட்டில. முதல் நாள் தண்ணி அப்பிடியே கிடந்தது. நீங்கள் வந்த அடுத்த நாள் விடியப் பாக்கிறன், தட்டு காய்ஞ்சு கிடக்கு. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும். குகன் வேலையில. கிளேர் மேல வாறதே இல்லை. உங்களை ஏழு மணிக்கு நான் உலுப்பி எழுப்ப வேண்டிக் கிடக்கு. அப்ப ஆர் அண்ணை எடுக்கிறது?"

நான் வாங்கின் விளிம்பைச் சுரண்டினேன்.

"எத்தினை கோயில், எத்தினை நேர்த்தி. ஒருத்தரும் என்ர கையால ஒண்டும் எடுத்ததா எனக்குத் தெரியேல்ல. இவர் மட்டும்தான் வந்தவர்." அவள் அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது.

வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிவிட்டேன். திரும்பும் வழியில் அவள் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். அது என்ன ருசி என்று எனக்குத் தெரியாது.

பின்வளவில் கிளேர் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நேரே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கிளிப்பை வாயில் வைத்தபடி கேட்டார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மன்னியுங்கள்" என்றார். "எங்கள் வீட்டில் தண்ணீர் காலையில் அப்படியேதான் இருக்கும். அம்மா அதில் முகம் கழுவுவார். வதனி வந்து தட்டு காய்ந்திருக்கிறது என்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழர் வீட்டில் அவருக்குத் தாகம் எடுக்கிறதாக்கும் என்று நினைத்தேன். எத்தனை மணிக்கு ஊற்றினீர்கள்?"

"விடிய நாலு மணிக்கு."

"அப்படியென்றால் ஒன்றும் கெடவில்லை. அவர் வேலை இருட்டில். வெளிச்சம் வர முன்னம் போய்விடுவார். அவர் தொட்டுவிட்டு மிச்சம் வைத்ததைத்தான் நீங்கள் ஊற்றியிருக்கிறீர்கள்."

"வதனியிட்டச் சொல்லட்டோ?"

அவர் ஒரு சட்டையை உதறி மாட்டினார். "இமானாவுக்கு இதில் ஒரு மனக்குறையும் வராது. உங்கள் தங்கைக்கு வருமா இல்லையா என்று உங்களுக்குத்தான் தெரியும்."

சொல்லலாம் என்று நாலு தரம் குசினிக்குப் போனேன். நாலு தரமும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பரிசோதனைக்கு இன்னும் நாலு நாள். இப்போது சொன்னால் அவள் திரும்பச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். சும்மா விட்டால் நாளைக்குத் தட்டில் தண்ணீர் நிற்கும். இமானா தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

மறுநாள் விடிய எழும்பினேன். அன்றுதான் முழு விழிப்போடு அந்த நடையில் நின்றேன். சுவரில் ரோசாப்பூ நிறத்தில் ஒரு துண்டு வெளிச்சம். தட்டில் தண்ணீர் அசையாமல் இருந்தது, அதிலும் அதே வெளிச்சம். ஒன்பது நாள் தூக்கத்தில் செய்ததை இப்போது களவாகச் செய்ய வேண்டும். வாழ்க்கையில் எத்தனை பேரின் தண்ணீரைக் கவிழ்த்திருப்பேன், ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. "ஐயா, குறை நினையாதையும். வந்திட்டுப் போயிருந்தால் நல்லது. வரேல்லையெண்டால் நாளைக்காவது வாரும்" என்று மெல்லச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் அங்கே ஒருவர் இருந்ததுபோலவே இருந்தது. பிறகு சத்தம் வராமல் பேசினில் ஊற்றினேன்.

அப்படி நாலு விடியல். முதல் மூன்று நாளும் ஏழு மணிக்கு அவள் தேத்தண்ணீரோடு வந்து கண்ணால் சிரிப்பாள். நான் தூங்கி எழுந்தவனைப்போலக் கண்ணைக் கசக்குவேன்.

பதினாலாம் நாள் அவள் தேத்தண்ணீர் கொண்டுவரவில்லை. ஏழரைக்கு நானே கீழே இறங்கினேன். வதனி குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லையாம் அண்ணை" என்றாள். "ரெண்டு தரம் பாத்திட்டன். ஒரு கோடுதான்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவரில பிழை சொல்ல ஏலாது" என்றாள். "பதின்மூண்டு நாளும் வந்தவர். ஒரு நாளும் தவறேல்ல. தன்ர வேலையைச் செய்தவர். என்ர உடம்புதான் பிடிச்சு வைச்சிருக்கேல்ல." கத்தி ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. "மிச்சக் கரு ஒண்டு ஆஸ்பத்திரியில ஐஸில கிடக்கு. அதை வேண்டாமெண்டு எழுதிக் குடுத்துப்போடுவம். கடவுள் வந்து கை வைச்சும் நிக்காத உடம்பில இன்னொண்டைக் கொண்டுபோய் வைக்கிறது அதுக்குச் செய்யிற பாவம்."

கெட்டது நடந்தால் வேறு யார் செய்தது என்று தேடுவோம் என்று கிளேர் சொன்னது நினைவுக்கு வந்தது. இவள் தேடி முடித்துவிட்டாள். தன்னையே கண்டுபிடித்துவிட்டாள்.

"அவர் வரேல்ல பிள்ளை" என்றேன்.

"என்ன?"

"ஒரு நாளும் வரேல்ல. அது நான். தண்ணியை நான்தான் ஊத்தினான்."

கத்தி நின்றது.

"பூச்சாடித் தட்டு எண்டு நினைச்சன். நுளம்பு வருமெண்டு கை போயிட்டுது. முதல் ஒன்பது நாளும் தெரியாமல். நீ பூங்காவில சொன்னாப் பிறகு நாலு நாள் தெரிஞ்சு."

"தெரிஞ்சோ?"

"ஓம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அடுத்த கேள்வி வந்தது. "எத்தினை மணிக்கு?"

முன்னறைக் கதவடியில் கிளேர் வந்து நிற்பதைக் கண்டேன். எங்கள் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும்.

"நீ கதவைச் சாத்திப் படுத்த உடனேயே" என்றேன். ஆங்கிலத்திலும் திருப்பிச் சொன்னேன். "இருட்ட முன்னம் ஊத்திப்போடுவன். தட்டு இரா முழுக்கக் காய்ஞ்சுதான் கிடந்தது. அவர் வந்திருந்தாலும் ஒரு சொட்டுக் கிடைச்சிராது."

அது பொய். தண்ணீர் ஒவ்வோர் இரவும் விடியும்வரை இருந்தது. அது எனக்கும் தெரியும், கிளேருக்கும் தெரியும். கிளேர் என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

வதனி இடியப்பத் தட்டை எடுத்து எறிந்தாள். அது என் தோளில் பட்டு விழுந்தது. அடுத்தது, அடுத்தது. "விசரே உங்களுக்கு? இஞ்ச என்ன டெங்கோ? லண்டனில ஆர் உங்களை நுளம்பு பாக்கச் சொன்னது? சும்மா இருங்கோ எண்டுதானே கூப்பிட்டனான். சும்மா இருக்க ஏலாதோ உங்களுக்கு?" தட்டு முடிய ஓடிவந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். "பன்னிரண்டு வருஷம். ஒருத்தர் வந்தவர் எண்டு நினைச்சன். அவருக்குத் தண்ணி இல்லாமல் பண்ணிப்போட்டியள்." அப்போதுதான் அழுகை வந்தது. அடித்துக்கொண்டே அழுதாள். நான் கையைக் கட்டிக்கொண்டு வாங்கினேன். அப்படியொரு சந்தோஷத்தோடு அடி வாங்கினவன் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

குகன் வேலை முடிந்து பாண் வாசத்தோடு உள்ளே வந்தான். தரை முழுக்க இடியப்பத் தட்டு. "என்ன நடந்தது?" என்றான். அவள் என்னைக் காட்டி, "இவர்தான். எல்லாத்துக்கும் இவர்தான் காரணம்" என்றாள். அவன் ஒன்றும் விளங்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கிளேர் குனிந்து தட்டுக்களைப் பொறுக்கினார்.

இரண்டு நாள் வதனி என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் மூடி இருக்கும். நான் போகும் நாளன்று கிளேர் வேலைக்குப் போக முன்னம் என் அறை வாசலில் வந்து நின்று, "போயிட்டு வாங்கோ அண்ணை" என்று முழு வசனம் ஒன்றைத் தமிழில் சொன்னார். யாரிடமோ கேட்டுப் பாடமாக்கியிருந்தார்.

விமான நிலையத்துக்குக் குகன் கார் ஓட்டினான். வதனி முன் இருக்கையில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். வர வேண்டாம் என்று குகன் சொல்லியும் வந்தாள். மழை தூறியது. வழி நெடுக நீர் ததும்பிய பள்ளங்கள். நான் எதையும் பார்க்காமல் என் பெட்டியின் கைபிடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

உள்ளே போகும் வரிசையில் நான் நின்றபோது அவள் கிட்ட வந்தாள். என் சேர்ட் பொக்கற்றிலிருந்து பாஸ்போர்ட் எட்டிப் பார்த்ததை உள்ளே தள்ளிவிட்டாள். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"ஐப்பசியில மற்றதை வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள். "அதுக்கு நீங்கள் வரப்படாது. பூமணி அண்ணியை அனுப்புங்கோ."